பெரியபாளையத்தில் பஸ் மாறியவள்

எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் போன வாரம் என் மேஜை அருகே வந்து தயங்கி நின்றாள். அவளுடைய ஷாட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "பெரியபாளையம் சரியில்ல" என்கிறார்களாம். அவளும் வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள். அம்மன் கோயிலும் அதற்குப் போகிற பஸ்களும்தான் வந்திருக்கின்றன. "அக்கா, பெரியபாளையம்னா என்னக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவள் எந்தப் புத்தகத்தில் தேடியிருந்தாலும் அது கிடைத்திருக்காது. அந்த வார்த்தையை இங்கே கொண்டுவந்தது நான்தான்; செய்தவள், திருவள்ளூரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அனிமேஷன் படித்த ஒருத்தி. அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எதற்காக எழுதினாய் என்று கேட்பாள். நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். "புரில, திருப்பிச் சொல்லு" என்பாள். அவளிடம் அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் நிறையப் பேர்.

எங்கள் பயிற்சி மையம் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு வருடப் படிப்பு. காக்களூரிலிருந்து நான், ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவன், பெரியபாளையத்தை அடுத்த ஆரணியிலிருந்து அக்கா தங்கை இருவர் என்று சுற்றுவட்டாரமே வந்து சேர்ந்திருந்தது. அவள் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தாள். தொழிற்பேட்டையைத் தாண்டி அவர்கள் வீடு. ஒரு பஸ்ஸில் பெரியபாளையம் வந்து இறங்கி, அங்கே வேறு பஸ் மாறித் திருவள்ளூர் வரவேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றை ஜடையும், டிஃபன் டப்பா துருத்திக்கொண்டிருக்கும் பையுமாக வகுப்புக்குள் நுழைந்து, காலியாக இருந்த என் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாளே சார் பலகை நிறைய வார்த்தைகளை எழுதிப் போட்டார். ஃப்ரேம், கீ, இன்-பிட்வீன், பிரேக்டவுன், டைமிங், ஸ்பேசிங், இன்னும் என்னென்னவோ. நல்ல மனிதர், சின்ன வயது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுப் பட்டனைக் கழுத்துவரை மூடிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வார்த்தைக்கும் இங்கிலீஷில் ஒரு விளக்கம் சொல்லிவிட்டு "ஓகே?" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். அடுத்த வார்த்தைக்குப் போவார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். வகுப்பிலேயே அழகாகத் தலையாட்டியவள் நானாகத்தான் இருப்பேன்.

பிரேக்டவுனில் வண்டி நின்றது. பக்கத்தில் கை உயர்ந்தது.

"புரில சார்."

சார் அதே விளக்கத்தை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"சத்தம் கேட்டுச்சி சார். அர்த்தம்தான் புரில."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையை இறக்காமல் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் பலகையில் இந்தப் பக்கம் ஒரு மனிதனை வரைந்தார், அந்தப் பக்கம் அதே மனிதனை வேறு நிலையில் வரைந்தார். இரண்டும் கீ. நடுவில் நிரப்புகிற படங்கள் எல்லாம் இன்-பிட்வீன். ஆனால் நடுவில் ஒரே ஒரு படம் மட்டும், இவன் இங்கிருந்து அங்கே எந்த வழியாகப் போகிறான் என்பதை முடிவு செய்யும், அதுதான் பிரேக்டவுன் என்றார். இம்முறை பாதி தமிழில் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"சார், நான் திருப்பிச் சொல்றேன். கும்முடிப்பூண்டி ஒரு கீ. திருவள்ளூரு ஒரு கீ. நடுவுல வர்ற ஸ்டாப்பிங் எல்லாம் இன்-பிட்வீன். பெரியபாளையம் மட்டும் வேற. அங்க எறங்கி மாறலன்னா ஊத்துக்கோட்டைல போய் நிக்கணும். அந்தப் பெரியபாளையம்தான் நீங்க சொல்ற பிரேக்டவுன். அதான?"

சார் சாக்பீஸை வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். "அதேதான்" என்றார். அவள் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்து நானும் எழுதிக்கொண்டேன். வகுப்பு முழுக்க எழுதிக்கொண்டது. அன்று சிரித்தவர்கள் எல்லாம் அடுத்த வாரமே "உன் பெரியபாளையம் எங்கடா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அவள் குணம் இவ்வளவுதான். புரியாமல் தலையாட்ட மாட்டாள். புரிந்தாலும் தலையாட்ட மாட்டாள், புரிந்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி "அதான?" என்று கேட்பாள். எதிராளி ஆமாம் என்று சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பேஜாராகிவிடும். எங்கள் பாடம் மற்ற வகுப்புகளைவிட எப்போதும் பின்தங்கியே போனது. ஆனியன் ஸ்கின் என்றால் முந்தைய படம் மெலிதாக அடியில் தெரிவது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வெங்காயம் எங்கே வந்தது என்று தெரியாமல் அவள் நகரவில்லை. சார் பக்கத்து ஓட்டலிலிருந்து ஒரு வெங்காயம் வாங்கிவரச் சொல்லி, தோலை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

இன்னொரு நாள் ஆன்டிசிபேஷன். ஒரு அசைவுக்கு முன்னால் வருகிற ஆயத்தம். சார் சொல்லிப் பார்த்தார், வரைந்து பார்த்தார், கடைசியில் மேஜையை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு குதி குதித்துக் காட்டினார். இன்னொரு தடவை குதிக்கச் சொன்னாள். குதித்தார். கீழே செல்போன் கடைக்காரர் மேலே வந்து, கூரை இடிந்து விழுகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். "குதிக்கிறதுக்கு முன்னாடி மொழங்கால மடக்குனீங்களே, அதுவா சார்?" என்றாள். சார் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கழுத்துப் பட்டன் திறந்திருந்தது.

பந்து குதிக்கிற பயிற்சியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே தவறு வந்தது. படத்துக்குப் படம் ஒரே இடைவெளி விட்டோம். திரையில் பந்து, காற்றடைத்த பலூன்போல மிதந்து இறங்கி மிதந்து ஏறியது. தரையில் பட்டு நசுங்கும்போது நாங்கள் பந்தின் உயரத்தைக் குறைத்தோமே தவிர அகலத்தைக் கூட்டவில்லை, பந்து சின்னதாகிப் போனது. அவளும் அப்படித்தான் செய்திருந்தாள். மறுநாள் வந்து சொன்னாள்: காலை பஸ்ஸில் கும்பல் நெருக்கியதில் அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடுங்கி, மூச்சுவிட மேலே எக்கி நின்றாளாம். ஒடுங்கினாலும் ஆள் குறையவில்லை, கண்டக்டர் முழு டிக்கெட்தான் வாங்கினார். பெரியபாளையத்தில் பிரேக் போட்டதும் பஸ் நின்றுவிட்டது, ஜடை மட்டும் முன்னால் போய் ஒரு பெரியவர் முகத்தில் அடித்தது. "நசுங்குனது ஸ்குவாஷு, எக்குனது ஸ்ட்ரெச்சு, ஜட முன்னால போனது ஃபாலோ த்ரூ, மூணும் ஒரே பஸ்ல முடிஞ்சிது" என்றாள். அந்தப் பெரியவர் திட்டியதையும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள்.

ஒருமுறை மையத்தின் மேலாளர் வந்து, படிப்பு முடிந்ததும் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் உண்டு என்று நீளமாகப் பேசினார். நாங்கள் கைதட்டத் தயாராக இருந்தோம். இவள் எழுந்தாள். வேலை வாங்கித் தருவீர்களா, வேலை கொடுக்கிறவர்களைக் கூப்பிடுவீர்களா, இரண்டில் எது என்று கேட்டாள். அவர் சுற்றி வளைத்துக் கடைசியில் கூப்பிடுவோம் என்றார். "அப்ப வேல எங்க கையில. அதான சார்?" அவர் ஆமாம் என்றார். அதன் பிறகு அவர் எங்கள் வகுப்புப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று நான் நினைத்ததுண்டு. அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லியிருந்தாள். ஓட்டு வீடு, வாசலிலேயே காஸ் அடுப்பு, தொலைவில் உருக்காலையின் புகைபோக்கி. அவள் அப்பா அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. அவரை நைனா என்று கூப்பிட்டாள். அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அந்தக் கையாலேயே எனக்கு மீன் குழம்பு ஊற்றினார். கட்டை விரலை முதலில் கொடுத்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் கரண்டியின் அடியில் கொண்டுவந்து பிடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

கிளம்பும்போது, ஸ்டேஷன் பக்கம் வேலை நடக்கிறது, அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பஸ் ஏறச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அவள் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "திருப்பிச் சொல்லும்மா, இல்லனா வுடமாட்டாரு" என்றார்.

பிறகு அவரே சொன்னார். ஆலைக்குள் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. மேஸ்திரி இந்திக்காரர். தூரத்தில் நின்று ஏதோ சொன்னார், இவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் இவர் விலகிவிடுவார் என்று நினைத்துக் கம்பியை உருட்டிவிட்டார்கள்.

"ஒண்ணியும் காதுல வுழல. வுழுந்த மாரி தலையாட்டிக்கினேன். அதோட போச்சி ரெண்டு வெரலு. அதுக்கப்புறம் எங்க ஊட்ல தலையாட்டக் கூடாதும்மா. வாயால சொல்லணும்."

கதைபோல, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார். இப்போதும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தார். மூட்டை தூக்கும்போது கை வலிக்கும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். காட்டினால் கான்ட்ராக்டர் மறுநாளே வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நான் சுற்றிக்கொண்டு போகிற வழியைத் திருப்பிச் சொன்னேன். ஒரு திருப்பத்தைத் தவறாகச் சொன்னேன், திருத்தினார், மறுபடி சொன்னேன். அதற்குப் பிறகுதான் விட்டார்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் தன் நிலைமையைச் சொன்னாள். அப்பா ஒரு வருடம் தந்திருக்கிறார். அதற்குள் இந்தப் படிப்பில் வேலை கிடைக்காவிட்டால், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்துவிட வேண்டும். கான்ட்ராக்டரிடம் பேசியாகிவிட்டது, அடையாள அட்டைக்கு போட்டோவும் கொடுத்தாகிவிட்டது. அப்பா கெட்டவரில்லை, அந்தக் கை இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று அவருக்கே தெரியாது என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் "அதான?" என்று கேட்கவில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் ஆள் எடுக்க வந்தார். கணினி அறையில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, ஓடுகிற இங்கிலீஷில் பரீட்சையைச் சொன்னார். ஒரு ஆள், ஒரு பெட்டி, தூக்க வேண்டும், அதற்குமேல் ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். ஒரு வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தும் பழக்கம் போகவில்லை. ஏதாவது ஒரு பெட்டியைத் தூக்கவைத்துவிட்டால் போயிற்று என்று கணினியில் வரைகிற பேனாவை எடுத்தேன்.

"சார், கடைசியா சொன்னது புரில."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சொன்னார். அவள் எழுந்து நின்று, அறைக்கே கேட்கிற குரலில் திருப்பிச் சொன்னாள்.

"பொட்டி கனம். அவன் தூக்குறான். ஆனா கனம்னு அங்க நிக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாதுனு நெனைக்கிறான். அவங்களுக்குத் தெரியக் கூடாது, படம் பாக்குற நமக்குத் தெரியணும். அதான சார்?"

அவர் "யெஸ், யெஸ்" என்று கையை அசைத்து உட்காரச் சொன்னார். பாதிப் பேர் அப்போதுதான் நிமிர்ந்தார்கள். அவர் சொன்னது வெறும் பெட்டி இல்லை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் பரீட்சை எழுதுகிற அறையில், தனக்குப் புரிந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லக் கூடாது என்கிற சாமர்த்தியம் அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் அவள் அவளாக இருந்திருக்க மாட்டாள்.

என்னையும் ஆர்.கே.பேட்டைக்காரனையும் எடுத்தார்கள். அவளை எடுக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை, எனக்கும் வேலை தேவையாக இருந்தது. அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று தேடிப் போனேன். அவள் மாடிப்படியில் அந்த ஸ்டூடியோக்காரரை நிறுத்தி வைத்திருந்தாள்.

தன்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்று பொதுவாகச் சொல்லி நழுவப் பார்த்தார். புரியவில்லை என்றாள். டைமிங் நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் எது நன்றாக இல்லை என்றாள். கடைசியில் அவர் படியிலேயே நின்று மனம்விட்டுச் சொன்னார். உடம்பு கனத்தைச் சொல்கிறது, கை சொல்லவில்லை. ஐந்து விரலும் ஒரே நேரத்தில், இடுக்கி மாதிரி மூடுகின்றன. பிடிக்கிற கையில் ஒவ்வொரு விரலும் அதனதன் நேரத்தில் வரவேண்டும்.

"வெரலு ஒண்ணு பின்னால ஒண்ணு வரணும். எது மொதல்ல, எது அப்புறம்னு நான் பாக்கணும். அதான சார்?"

"அதான்" என்றார் அவர், தமிழில். தலையைத் திருப்பி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. படிப்பின் கடைசிச் சனிக்கிழமை, பெற்றோரைக் கூப்பிட்டு எங்கள் படங்களைப் போட்டுக் காட்டுவது. அடுத்த திங்கட்கிழமை அவள் பேக்கிங்கில் சேரவேண்டும். சார் அவளிடம் ஒரு வழி சொல்லியிருந்தார். காலையில் புதிய வகுப்புக்கு உதவியாக இருக்கட்டும், மதியம் கணினியில் பழகட்டும், சம்பளம் கிடையாது, கட்டணமும் கிடையாது, அடுத்த ஸ்டூடியோ வரும்வரை இருந்து பார்க்கட்டும். அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். "படத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் அப்பா. ஆக, அந்தச் சனிக்கிழமைதான் எல்லாம். அதுவரை இருந்த இரண்டு வாரமும் அவள் யாரிடமும் தன் திரையைக் காட்டவில்லை. என்னிடம்கூட. பஸ்ஸில் வரும்போதும் மடியில் பேப்பர் வைத்துக் கை கையாக வரைந்துகொண்டு வந்தாள்.

சனிக்கிழமை வகுப்பறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, சுவரில் பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். என் அப்பா தான் வேலை பார்க்கும் காக்களூர் தொழிற்சாலையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவள் அப்பா கம்பெனிச் சட்டையோடு, வலது கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெளியிடங்களில் அவர் அப்படித்தான் இருப்பார். என் படம் ஓடியது, கை தட்டினார்கள். என் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு அவள் படம்.

கோடுகள் மட்டும்தான், வண்ணம்கூட இல்லை. ஒரு லாரி, ஒரு பெட்டி, ஒரு ஆள். தூரத்தில் இரண்டு பேர் நின்று பார்க்கிறார்கள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். முழங்காலை மடக்குகிறான். கட்டை விரல் முதலில் போகிறது. அடுத்த விரல்கள் வரவில்லை, அங்கே விரல்களே இல்லை. அந்த இடைவெளியைத் தாண்டி மோதிர விரலும், ஒரு கணம் தள்ளிச் சுண்டு விரலும் பெட்டிக்கு அடியில் வந்து சேர்கின்றன. பெட்டி எழும்புகிறது. தோள் ஒரு பக்கம் இறங்குகிறது, முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது. அவர்களைத் தாண்டிப் போகிறான். லாரிக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, அந்தக் கையை ஒருமுறை உதறிக்கொள்கிறான். அவ்வளவுதான் படம்.

இப்படி ஒருத்தியின் பக்கத்தில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவ்வளவு பெருமையாக இருந்தது. என் படத்துக்குக் கை தட்டியபோதுகூட அப்படி இருக்கவில்லை. அறையில் சிலர் தட்டினார்கள், சிலர் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன்.

சார் அவரிடம் போய்க் குனிந்து, படம் எப்படி இருக்கிறது, புரிந்ததா என்று கேட்டார். அவர் தலையாட்டவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்க சார்."

மறுபடி போட்டார்கள். அவர் எழுந்து நின்று பார்த்தார். கர்ச்சீப் நாற்காலியில் கிடந்தது. முடிந்ததும் சாரைப் பார்க்காமல், ஜன்னலோரம் நின்றிருந்த மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஒராளு பொட்டி தூக்குறான். அவனுக்குக் கனம். தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்கன்னு காமிச்சிக்காம தூக்குறான். கட்ட வெரல முன்ன குடுக்குறான், இல்லாத வெரல தாண்டிச் சுண்டு வெரல அடில குடுக்குறான். ஒருத்தரும் பாக்கல. நீ பாத்துக்கினு இருந்திருக்க. அதான?"

அவள் தலையாட்டினாள். அவள் தலையாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் நகரவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"வாயால சொல்லு" என்றார்.

"ஆமா நைனா."

அப்போது அவர் தலையாட்டினார். ஒரே ஒருமுறை, மெதுவாக. ஆலையில் அந்த நாளுக்குப் பிறகு அவர் யாருக்கும் தலையாட்டியதில்லை என்று அவள் அம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு அவளுக்கு நடந்ததெல்லாம் நல்லதுதான். அடுத்து வந்த ஸ்டூடியோ அவளை எடுத்துக்கொண்டது. இப்போது ஹைதராபாத்தில் ஒரு குழுவுக்குத் தலைமையாக இருக்கிறாள், அவள் கூட்டத்தில் யாரும் தலையாட்ட முடியாது என்று அங்கே இருப்பவர்கள் புலம்புவதாகக் கேள்வி. இதையெல்லாம் அந்தப் புதுப் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

அவள் பேக்கிங்கில் சேரவேண்டியிருந்த அந்தத் திங்கட்கிழமை காலை, கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ் வந்து நின்றதாம். அதில் அவளுக்கு ஒரு இடம் போட்டிருந்தார்கள். அவள் அப்பாவே முன்னால் போய், என் பெண் வரவில்லை என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி, பெரியபாளையத்தில் இறங்கி மாறிக்கொண்டு, திருவள்ளூர் வந்து சேர்ந்தாள்.